மின் ஒற்றைச் சக்கர வண்டியைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் எங்கே ஓட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வண்டியை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்கும் முதல் கேள்வி அதன் விலையைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அதைத் தெருவில் இறக்கலாமா என்பது. இரண்டாவதை முதலில் கேட்டிருந்தால் பலருக்குப் பணம் மிஞ்சியிருக்கும். இங்கே சொல்லப்படுபவை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளையும், இந்த வண்டியைச் சில ஆண்டுகளாக ஓட்டிய பழக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

இது என்ன வண்டி? எப்படி ஓடுகிறது?

ஒரே ஒரு சக்கரம், அதன் இருபுறமும் மடக்கி விரிக்கக்கூடிய இரண்டு மிதிபலகைகள், சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்ட மோட்டார், அதைச் சுற்றிய கூட்டுக்குள் லித்தியம் பேட்டரி ஆகியவைதான் இந்த வண்டி. ஓட்டுபவர் முகம் முன்னோக்கி இருக்க, மிதிபலகைகளில் நின்றபடி செல்கிறார். உள்ளே இருக்கும் சாய்வுணரிகள் உடல் முன்னே சாய்வதை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அறிந்து, விழுவதற்கு முன்பே சக்கரத்தைக் காலடிக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கின்றன. முன்னே சாய்ந்தால் வேகம் கூடும். பின்னே சாய்ந்தால் குறையும். தனியாகப் பிரேக் கிடையாது, மோட்டாரே பிரேக். முன்னும் பின்னும் விழாமல் காப்பது மட்டுமே வண்டியின் வேலை என்பதையும், பக்கவாட்டில் விழாமல் இருப்பது மிதிவண்டியில் போலவே ஓட்டுபவரின் பொறுப்பு என்பதையும் முதல் நாளே புரிந்துகொள்வது நல்லது.

ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘இ.யூ.சி.’ என்றும், ‘மோனோவீல்’ என்றும் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். இரண்டு சக்கரங்கள் பக்கவாட்டில் அமைந்த ஹோவர்போர்டும் நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டரும் வேறு வண்டிகள். ஆயினும் கீழே வரும் சட்டப் பதில்களில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

சட்டத்தின் பார்வையில் இது மோட்டார் வாகனமா?

ஆம் என்றே கொள்ள வேண்டும். சட்டத்தின் 2(28) பிரிவு, சாலையில் பயன்படுத்துவதற்கேற்ற, இயந்திர விசையால் இயங்கும் எந்த வண்டியையும் மோட்டார் வாகனம் என்கிறது; அந்த விசை உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்பது பொருட்டில்லை. தண்டவாளத்தில் ஓடுபவை, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புள்ள வளாகத்துக்குள்ளோ மட்டுமே பயன்படும் சிறப்பு வகை வண்டிகள், நான்குக்கும் குறைவான சக்கரங்களோடு 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்டவை ஆகிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மோட்டார் வாகனம் என்று ஆனவுடன் ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வருகின்றன: 3ஆம் பிரிவின்படி ஓட்டுநர் உரிமம், 39ஆம் பிரிவின்படி பதிவு, 146ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு. இம்மூன்றில் உரிமம் உங்களிடம் இருக்கலாம்; மற்ற இரண்டையும் இந்த வண்டிக்குப் பெற வழியில்லை.

எஞ்சினே இல்லாத வண்டிக்கு 25 சி.சி. விலக்கு தானாகப் பொருந்தாதா?

கேட்பதற்கு அழகான வாதம். மின்மோட்டாருக்குக் கொள்ளளவு பூஜ்யம். பூஜ்யம் 25ஐ விடக் குறைவு. ஆகவே விலக்கு உண்டு என்று சொல்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பேட்டரி வண்டிகளுக்கென்றே மத்திய விதிகளின் 2(u) பிரிவில் தனியாக ஒரு வரையறையும், எந்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் அவை மோட்டார் வாகனமாகக் கருதப்படா என்ற விளக்கமும் இருக்கின்றன. பூஜ்ய சி.சி. வாதம் சரியென்றால், தெருவில் ஓடும் எந்த மின் ஸ்கூட்டருக்கும் எண் பலகை தேவைப்பட்டிருக்காது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நின்று இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் குறைந்தால் பதிவு வேண்டாம் என்று விற்பவர் சொல்கிறாரே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. 2(u) விதிப்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அந்தப் பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. சொல்லாமல் விடப்படும் மறுபாதி, இந்த நிபந்தனைகள் நிறைவேறியிருப்பதை 126ஆம் விதியில் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும் என்பதாகும். புனேயில் உள்ள அராய், மானேசரில் உள்ள ஐகாட் போன்றவை அத்தகைய நிறுவனங்கள். சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் வேகத்தை 24க்குக் குறைத்து வைத்துக்கொண்டு ‘இது விலக்குப் பெற்ற வண்டி’ என்று சொல்வது செல்லாது. விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தச் சோதனைச் சான்றின் நகல். பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்புவதைப் பார்ப்பீர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது சட்டத்தைவிட ஆழமானது. இரண்டு சக்கர மிதிவண்டிக்கு 250 வாட் போதும். மோட்டார் நின்றுவிட்டாலும் அதில் உட்கார்ந்தபடியே உருண்டு போய் நிற்கலாம். ஒற்றைச் சக்கரத்திலோ மோட்டாரின் திறன் நகர்வதற்கு மட்டுமல்லாமல் விழாமல் நிற்பதற்கும் தேவைப்படுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் வேகத்தடை மேல் ஏறும்போது, ஒரு நொடிக்குச் சராசரித் தேவையைப் போலப் பல மடங்கு விசையை மோட்டார் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் மிதிபலகை முன்னே கவிழ்ந்து ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார். அதனால்தான் நல்ல வண்டிகளின் மோட்டார்கள் 800 வாட்டில் தொடங்கி 2,000 வாட்டுக்கு மேலும் போகின்றன. சட்டம் விலக்கு அளிக்கும் அளவுக்குத் திறன் குறைந்த ஒற்றைச் சக்கரம் ஓட்டுபவரைக் காப்பாற்றாது. ஓட்டுபவரைக் காப்பாற்றும் அளவுக்குத் திறன் மிகுந்ததைச் சட்டம் விலக்காது. இந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் மிதிவண்டியும் சிறு ஸ்கூட்டரும் இருந்தன. ஒற்றைச் சக்கரம் இருந்ததாகத் தெரியவில்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள முடியாதா?

முடியாது. சட்டத்தின் 2(27) பிரிவு மோட்டார் சைக்கிளை இரு சக்கர வாகனம் என்றே வரையறுக்கிறது. ஒரு சக்கரத்துக்கு வகுப்பே இல்லை. வகை ஒப்புதல் (மாதிரி வண்டியைச் சோதித்துச் சாலைக்கு ஏற்றது என்று தரும் சான்று) பெறாத வண்டியை டி.என். 31 என்றோ பி.ஒய். 01 என்றோ பதிவேட்டில் ஏற்ற எந்த அலுவலராலும் இயலாது. சட்டம் மாறவே மாறாது என்று சொல்ல வரவில்லை. மின் ரிக்‌ஷாக்களும் ஒருகாலத்தில் வகுப்பில்லாமல்தான் ஓடின. 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, 2015இல் சட்டத்தைத் திருத்தி 2ஏ என்ற புதிய பிரிவின் மூலம் அவற்றுக்கு இடம் தந்தார்கள். அவற்றை ஓட்டிப் பிழைத்தவர்களின் எண்ணிக்கை அரசை அசைத்தது. பொழுதுபோக்காக ஓட்டும் நம்மைப் போன்ற சிலருக்காக அப்படி நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் காவலர் வியப்போடு பார்ப்பார், ‘ஓரமாப் போங்க’ என்பார், சில வேளை தாமே ஒரு படம் எடுத்துக்கொள்வார். அந்தப் பரிவை அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது. பதிவில்லாத வண்டியை ஓட்டியதற்கு 192ஆம் பிரிவின் கீழ் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரையிலும், உரிமமின்றி ஓட்டினால் 181ஆம் பிரிவின் கீழ் 5,000 ரூபாயும், காப்பீடின்றி ஓட்டினால் 196ஆம் பிரிவின் கீழ் முதல் முறை 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. பின்னிரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டம் இடம் தருகிறது. 207ஆம் பிரிவின்படி வண்டியைக் கைப்பற்றி வைக்கவும் முடியும். நேரிலேயே செலுத்தி முடிக்கும் இணக்கத் தொகையை மாநில அரசுகள் தனித்தனியே அறிவிப்பதால் அது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வேறுபடலாம்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பாதசாரி ஒருவர்மேல் மோதி அவருடைய இடுப்பெலும்பு முறிந்தால், காப்பீட்டு நிறுவனம் என்ற ஒன்று நடுவில் இல்லாததால் மருத்துவச் செலவும் இழப்பீடும் முழுவதும் உங்கள் தலையில் விழும். இது மோட்டார் வாகனமே இல்லை என்று ஒருவர் வாதாடி வென்றாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொதுவழியில் ‘எந்த வாகனத்தையும்’ அசட்டையாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அங்கே மோட்டார் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளே கிடையாதே, அப்போது ஓட்டலாமா?

இந்த ஊரில் சக்கரம் வாங்கிய எவரும் ஒருமுறையாவது கண்ட கனவு இது. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7:30 வரை கடற்கரைச் சாலையான கூபேர் அவென்யூவில் வாகனங்களுக்குத் தடை; தார் வழுவழுப்பாக இருக்கிறது; காற்று வருகிறது. ஆனால் தடை வாகனங்களுக்கு என்பதை மீண்டும் படியுங்கள்: உங்கள் காலடியில் இருப்பதும் வாகனம். நடப்பவர்களுக்காக ஒழித்துத் தரப்பட்ட நேரத்தில், மோட்டார் பொருத்திய ஒன்றை அங்கே கொண்டுசெல்வது மற்ற நேரத்தில் ஓட்டுவதைவிடக் கூடுதலான அத்துமீறல். காந்தி சிலைக்கு எதிரே பந்து விரட்டும் குழந்தையும், பழைய கலங்கரை விளக்கின் அருகே கைத்தடியோடு நடக்கும் முதியவரும் அந்த நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். ஓசையின்றி வரும் வண்டியைப் பற்றி அவர்களுக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு யாரும் இருக்க மாட்டார்களே என்று கேட்பவர்களுக்கு: ஆள் இல்லாததால் பொது இடம் தனியிடம் ஆகிவிடாது. 2(34) பிரிவு, பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடத்தையும் பொது இடம் என்கிறது. கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகும் தேவனாம்பட்டினம் சாலைக்கும் இதே பதில்தான். மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சக்கரம் புதைந்து நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

நடைபாதையில் மெதுவாகப் போகலாமா?

கூடாது. மோட்டார் வாகனத்தை நடைபாதையில் ஓட்டுவதைச் சாலை விதிகள் தடுக்கின்றன. நேரு வீதியிலும் லாரன்ஸ் ரோட்டிலும் நடப்பதற்கே நடைபாதையில் இடம் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது?

சுவரும் வாயிற்கதவும் உள்ள, பொதுமக்கள் உரிமையோடு நுழைய முடியாத, உரிமையாளர் சம்மதம் தந்த இடங்களில் ஓட்டலாம். சொல்லும்போது சுருங்கியதாகத் தோன்றினாலும், நம் பகுதியில் அத்தகைய இடங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நான் கற்றுக்கொண்டது பாகூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் சிமெண்ட் களத்தில். நெல் உலர்த்தும் களத்தைப் போலச் சமமான, அகன்ற, வண்டி நுழையாத தரை வேறெங்கும் கிடைக்காது. சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் தை, மாசி மாதங்களில் கேட்கக்கூடக் கூடாது. மற்ற மாதங்களில் ஆலைக்காரரிடம் முறையாகக் கேட்டால் மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். களத்தில் தவறி விழுந்த நெல்மணிகள் சக்கரத்துக்குக் கீழே கோலிக்குண்டைப் போல வழுக்கும் என்பதால், ஏறுவதற்கு முன் ஒருமுறை பெருக்கிவிடுவது நல்லது. ஆலைக்காரருக்கும் அது பிடித்திருக்கும்.

அடுத்தது, முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபங்களின் வாகன நிறுத்துமிடம். சரளைக்கல் பரப்பியவற்றைத் தவிர்த்து, சிமெண்ட் கல் பதித்தவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் பள்ளி மைதானங்களை விடுமுறை நாட்களில் பயன்படுத்தலாம். கடலூர் சிப்காட்டில் வேலை செய்பவர்கள், தங்கள் நிறுவன வளாகத்துக்குள் ஓட்டத் தனி அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அங்கே வேதிப்பொருள் கிடங்குகள் இருக்குமானால் லித்தியம் பேட்டரியை உள்ளே விடாமல் பாதுகாப்பு அதிகாரி மறுப்பது நியாயமே. சவுக்குத் தோப்புகளின் வழித்தடம் பார்க்க அழகு; உதிர்ந்த சவுக்கிலை மெத்தைக்குக் கீழே வேர் இருப்பது தெரியாது.

மஞ்சக்குப்பம் மைதானம், உப்பளம் விளையாட்டரங்கைச் சுற்றிய திறந்த வெளி ஆகியவற்றைச் சிலர் சொல்கிறார்கள். கதவில்லாத மைதானம் பொது இடமே. மொட்டை மாடியில் பழகுவதாகச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் அங்கே ஏறாதீர்கள். மிதிபலகை உங்கள் உயரத்தில் முக்கால் சாண் கூட்டிவிடும்.

கல்லூரி, மருத்துவமனை வளாகச் சாலைகள் தனியார் இடம்தானே?

சில வளாகங்கள் அப்படி, பல அப்படியல்ல. நோயாளிகளும் பார்வையாளர்களும் கேள்வியின்றி உள்ளே வரும் மருத்துவமனைச் சாலை, மதில் இருந்தாலும் பொது இடம் என்றே வாதிடப்படும். அடையாள அட்டை காட்டாமல் நுழைய முடியாத வளாகத்தில் நிலைமை மேல். எப்படியானாலும் நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். வாயிற்காவலரின் தலையசைப்பு போதாது.

தனியிடத்தில் ஓட்டினால் ஆபத்து இல்லைதானே?

சட்டச் சிக்கல் இல்லை. ஆபத்து அப்படியே இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது தாழ்ந்த வீட்டுக் கூரையிலிருந்து விழும் வேகத்துக்குச் சமம். ஓர் ஆள் ஓடும் வேகத்தைத் தாண்டியபின் மிதிபலகை கவிழ்ந்தால் ஓடித் தப்புவது நடக்காது.

விழுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, வண்டியின் திறனுக்கு மேல் முன்னே சாய்வது. அதற்கு முன்பே வண்டி ‘பீப்’ ஒலி எழுப்பும், பிறகு மிதிபலகையின் முன்பகுதியைத் தூக்கிக் காட்டும்; அந்த எச்சரிக்கையை மீறிச் சாய்பவர் தாமே விழுகிறார். இரண்டாவது, பேட்டரி குறைந்த நிலையில் முழு வேகத்தை எதிர்பார்ப்பது. இருப்பு 30 விழுக்காட்டுக்குக் கீழே போனபின் காலையில் கிடைத்த விசை கிடைக்காது. மூன்றாவது, தரை. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அப்படிப்பட்டதில் மெதுவாக ஏறி இறங்கலாம். நம் தெருக்களிலும் வளாகங்களிலும் உள்ளவையோ ஒரு சாண் அகலத்தில் செங்குத்தாக எழும் சிமெண்ட் வரப்புகள். அவற்றுக்கு முன் இறங்கி வண்டியை உருட்டிச் செல்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

நான் விழுந்தது இந்த மூன்றில் எதனாலும் அல்ல. ஒரு நாய் குறுக்கே வந்தது; நான் அதைப் பார்த்தேன், பார்த்த இடத்துக்கே வண்டி போனது. மணிக்கட்டு ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது. நாய் நலம்.

எந்தக் கவசங்கள் கட்டாயம் வேண்டும்?

மணிக்கட்டுக் காப்பு முதலில். விழும்போது கை தானாகத் தரையை நாடும். அடுத்து தலைக்கவசம். முகங்குப்புற விழும் வண்டி என்பதால், தாடையை மூடும் முழுக் கவசம், தலைக்கவசத்துக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 4151 உள்ளது, வேண்டும். மே மாத வெயிலில் அது கொதிக்கும். காலை ஆறரைக்கு முன்பே ஓட்டி முடிக்கலாம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு, கணுக்கால் மூடிய காலணி. செருப்போடு ஏறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

மழையிலும் கடற்காற்றிலும் வண்டி தாங்குமா?

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே இரவில் தெரு வாய்க்காலாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய நீருக்குக் கீழே பள்ளமா மூடியில்லாத சாக்கடையா என்று தெரியாது. நீர்க்காப்புத் தரம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட வண்டியிலும் கூட்டின் இணைப்புகள் வழியாகக் கசிவு ஏற்படலாம். மழை நின்ற பிறகும் உள்ளே தங்கிய ஈரம் மின்சுற்றுப் பலகையை அரிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று இதையே மெதுவாகச் செய்கிறது. சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடியை மறவாமல் அடைப்பதும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பதும் போதுமானவை.

பன்னிரண்டு வயது மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

பூட்டிய வளாகத்தில், பெரியவர் கூடவே நின்று, வேகத்தைச் செயலியில் 10 அல்லது 12 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தி ஓட்டுவதானால் உங்கள் முடிவு. தெருவில் ஒரு முறை போய் வந்தால் என்ன என்று விடாதீர்கள். சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் 199ஏ பிரிவு பெற்றோரையே குற்றவாளியாகக் கொள்கிறது: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

பாரிசில் இருக்கும் சித்தப்பா வீட்டில் எல்லோரும் தெருவில் ஓட்டுகிறார்களே?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பிரான்ஸ் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஆணையின் மூலம் இவ்வகை வண்டிகளுக்குத் தனி வகுப்பை உருவாக்கியது. வேகம் 25 கிலோமீட்டருக்குள், ஒரே ஆள், நடைபாதை கூடாது, காப்பீடு கட்டாயம். 2023 முதல் குறைந்தபட்ச வயது 14. அதாவது சித்தப்பா சட்டப்படியே ஓட்டுகிறார். பக்கத்து நாடான ஜெர்மனியில் 2019இல் வந்த விதி, பிடித்துக்கொள்ளக் கைத்தண்டு இருக்க வேண்டும் என்றதால் ஒற்றைச் சக்கரம் வெளியே நிற்கிறது. பிரிட்டனில் தனியார் நிலத்தில் மட்டுமே ஓட்டலாம். கடலூர்க்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் சிங்கப்பூரில், 2020 ஏப்ரல் முதல் நடைபாதையிலும் தடை, சாலையிலும் கூடாது, மிதிவண்டிப் பாதை மட்டும்தான். அங்கே எடை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, தீப்பாதுகாப்புச் சான்றும் வேண்டும். அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 160 வாட்-மணி கொள்ளளவுக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கையிலும் பெட்டியிலும் எடுத்துச் செல்ல முடியாது. ஓரளவு நல்ல சக்கரத்தின் பேட்டரி இதைப்போலப் பல மடங்கு.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வண்டியை எப்படிக் கொண்டு போவது?

ஓட்டிக்கொண்டு அல்ல. முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறும், சட்டம் மாறாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பேருந்துகளும் மாறா. காரின் பின்பெட்டியில், சக்கரம் உருளாதபடி இரண்டு பக்கமும் துணிமூட்டை வைத்து, நிற்கும் நிலையிலேயே வைக்கவும். பேட்டரி பாதியளவு சார்ஜில் இருந்தால் போதும். மூடிய காரை வெயிலில் நிறுத்திவிட்டு அதை உள்ளே விட்டுச் செல்ல வேண்டாம். கொதிக்கும் காருக்குள் லித்தியம் மின்கலம் கெட்டுப்போகும். போய்ச் சேர்ந்ததும் உடனே சார்ஜில் போடாமல், நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்தவும். 84 வோல்ட் பேட்டரிக்கு 67 வோல்ட் சார்ஜர் ஏற்றாது என்பதோடு போகும். மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். கூடத்தில், கண்ணெதிரே, வாசற்படிக்குப் போகும் வழியை மறைக்காத இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்யவும்.